அகமதாபாத் நெசவுக்கூடச் சோதனை: உற்பத்தித்திறன் வரலாற்றில் ஓர் இயல் (1953 – 1970)

ஆய்வுச் சுருக்கம்

பணியாளரைச் சிறு குழுக்களாக அமைத்து, வேலையின் முழுப்பொறுப்பையும் குழுவிடமே ஒப்படைத்தால் உற்பத்தித்திறன் உயரும் என்னும் கருத்து இந்தியாவில் முதன்முதலாக முறைப்படி சோதிக்கப்பட்ட களங்களுள் ஒன்று அகமதாபாத்தின் ஜூபிலி ஆலை. 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் அங்கு மேற்கொண்ட மாற்றமும், 1970இல் எரிக் மில்லர் நடத்திய மறுஆய்வும் இக்கட்டுரையின் களங்கள். சோதனையின் வெற்றியைத் தொழிலாளர் மனப்பாங்கின் மாற்றமாக மட்டும் விளக்கும் போக்கினை இக்கட்டுரை ஏற்கவில்லை. குழு நிலைத்ததும் தளர்ந்ததும் குழுவுக்கு வெளியே இருந்த காரணிகளைச் சார்ந்தே நிகழ்ந்தன என்பது இதன் வாதம். கூலி, உபரி ஆட்கள், துணிவகை, மேற்பார்வை ஆகியன அக்காரணிகள்.

திறவுச் சொற்கள்: உற்பத்தித்திறன், அகமதாபாத், தானியங்கித் தறி, மஜூர் மகாஜன், சமூக-தொழில்நுட்ப அணுகுமுறை, சிட்ரா.

முன்னுரை

பணியிட உற்பத்தித்திறனை உயர்த்துவது எப்படி என்னும் வினாவிற்கு இன்றைய மேலாண்மைப் பாடநூல்கள் தரும் விடைகளுள் ஒன்று ‘தன்மேலாண்மைக் குழு’ என்பதாகும். மென்பொருள் நிறுவனங்கள் இதனைத் தம் காலத்துப் புதுமையாகவே பேசி வருகின்றன. ஆயின், இக்கருத்தின் வரலாற்றைப் பின்னோக்கிச் சென்று காண்போர் ஒரு பஞ்சாலையின் நெசவுக்கூடத்தை அடைவர். அக்கூடம் மான்செஸ்டரிலோ டெட்ராய்ட்டிலோ இல்லை; சபர்மதிக் கரையில் இருந்தது.

‘உற்பத்தித்திறன்’ என்னும் தமிழ்ச்சொல் பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவைப்படுகிறது. நம் வழக்கில் இச்சொல் ‘உற்பத்தி’, ‘திறன்’ என்னும் இரு சொற்களின் சேர்க்கையாக நிற்பதால், அது உழைப்பவரிடம் உள்ள ஓர் ஆற்றல் என்னும் பொருள் எளிதில் ஏறிவிடுகிறது. பொருளியலில் அது ஒரு விகிதம் மட்டுமே: கிடைத்த விளைவினை, அதற்குச் செலவான உழைப்பு முதலியவற்றால் வகுத்துக் கிடைக்கும் எண். விகிதம் உயர்வதற்கும் தாழ்வதற்கும் உழைப்பவரின் திறன் ஒரு காரணமாகலாம். நூலின் தரம், தறியின் வயது, மின்வழங்கல், ஆணைகளின் அளவு எனப் பல காரணங்களும் உண்டு. அகமதாபாத் சோதனை பற்றிய விவாதங்கள் பலவும் இவ்விரு பொருள்களுக்கும் இடையிலேயே தடுமாறியுள்ளன.

1918க்குப் பிந்தைய அகமதாபாத்

சோதனை நடந்த ஆலை சாராபாய் குடும்பத்தினருக்கு உரிய கேலிகோ நிறுவனத்தைச் சேர்ந்தது. 1918 மார்ச்சில், பிளேக் காலத்துச் சிறப்பூதியம் நிறுத்தப்பட்டதை எதிர்த்து நெசவுத் தொழிலாளர் போராடியபோது, ஆலை முதலாளிகளின் தரப்பில் முன்னின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் தரப்பில் காந்தியடிகளோடு நின்றவர் அவருடைய சகோதரி அனசூயா. முதலாளிகள் 20 விழுக்காடு உயர்வு தர இசைந்தனர். காந்தியடிகள் வகுத்த கோரிக்கை 35 விழுக்காடு. அவர் மேற்கொண்ட மூன்று நாள் உண்ணாநோன்பின் முடிவில் விவகாரம் நடுவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1920இல் மஜூர் மகாஜன் என்னும் நெசவாலைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அது தொழிற்பிரிவுவாரியான சங்கங்களின் கூட்டமைப்பாக இயங்கியது. பூசல்களை நடுவர் தீர்ப்பின் வழி முடிப்பது அதன் நிலைத்த கொள்கையாயிற்று.

1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னையில் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் முதலியோர் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இரு நகரங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் புறப்பட்டு வேறு வழிகளில் சென்றன. பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் கதவடைப்பும், நீதிமன்றத் தடையும், 1921இன் நெடிய வேலைநிறுத்தமும் நிகழ்ந்தன. அகமதாபாத்தில் நடுவர் மன்றம் ஒரு நிறுவனமாகவே வேரூன்றியது. 1950களில் ஓர் ஆலை நிர்வாகம் வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவரை நெசவுக்கூடத்துக்குள் அழைத்து வேலைமுறையையே மாற்றிப் பார்க்கத் துணிந்தமைக்கு இப்பின்புலம் பெரிதும் துணைசெய்தது எனக் கருதலாம். இத்தகையதொரு முயற்சி அன்றைய பெரம்பூரில் நிகழ்ந்திருக்கும் என எண்ண இயலவில்லை.

விடுதலைக்குப்பின் அகமதாபாத்தில் அறிவியல் முறை ஆராய்ச்சிக்கும் ஓர் இடம் உருவாகியது. 1947இல் தொடங்கப்பெற்ற அகமதாபாத் நெசவுத்தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தை விக்ரம் சாராபாய் முன்னின்று வளர்த்தார். இழைகளையும் சாயங்களையும் ஆராய்ந்த அந்நிறுவனத்தில் உளவியல் ஆய்வுக்கும் ஒரு பிரிவு இருந்தது. கமலா சௌத்ரி அதனை வழிநடத்தினார். ஆலைத் தொழிலாளியின் மனநிலையும் ஆராய்ச்சிக்குரிய பொருள் என்னும் எண்ணம் அந்நகரத்திற்குப் புதியதன்று. விக்ரமின் மூத்த சகோதரர் கௌதம் சாராபாய் கேலிகோ நிறுவனத்தின் தலைவராக இருந்து ரைஸை வரவழைத்தார்.

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த கருத்து

ரைஸ் தம்மோடு கொண்டுவந்த கருத்து இங்கிலாந்தின் சுரங்கங்களில் முளைத்தது. 1951இல் டாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் டிரிஸ்ட், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான கென் பாம்ஃபோர்த் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை, ‘நெடுஞ்சுவர்’ முறை புகுந்தபின் சுரங்கங்களில் விளைந்த சிக்கல்களை ஆராய்ந்தது. பழைய முறையில் இருவரோ மூவரோ சேர்ந்து கரியை வெட்டுவது, ஏற்றுவது, கூரையைத் தாங்கு கட்டைகளால் நிறுத்துவது என அனைத்தையும் தாமே செய்தனர். இயந்திரம் வந்தபின் ஏறத்தாழ 40 பேர் கொண்ட கூட்டம் மூன்று பணிமுறைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு முறையினர் வெட்ட, அடுத்தவர் அள்ள, மூன்றாமவர் கருவிகளை நகர்த்தினர். ஒரு முறையினர் விட்டுச்சென்ற குறை அடுத்த முறையினரின் தலையில் விழுந்தது. ஒருவரையொருவர் குறைகூறுவதும் வேலைக்கு வாராமையும் பெருகின.

இயந்திரம் கெட்டதன்று, ஆட்களும் சோம்பேறிகளல்லர். இயந்திரத்தைச் சுற்றி வேலையைப் பகிர்ந்த முறையே பிழை என்பது அவர்கள் கண்ட முடிவு. சமூக-தொழில்நுட்ப அணுகுமுறை என்று பின்னர்ப் பெயர்பெற்ற இதன் தொடக்கம் இவ்வளவு எளியது. இதே தருக்கத்தை ஒரு தறிக்கூடத்தில் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு ரைஸுக்கு அகமதாபாத்தில் கிடைத்தது.

29 பேர், 224 தறிகள்

ஜூபிலி ஆலையில் 1952இல் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. சாதாரண விசைத்தறியில் நாடாவில் உள்ள ஊடைத் தார் தீர்ந்தவுடன் நெசவாளர் தறியை நிறுத்தி வேறு தாரை இட வேண்டும். தானியங்கித் தறியில் அதனருகே உள்ள பேட்டரி எனும் சுழல்தட்டு புதுத்தாரைத் தானே நாடாவுக்குள் செலுத்திவிடும். பாவு இழை அறுந்தால் தறி தானே நிற்கும். எனவே இரண்டு தறிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நெசவாளர் இப்போது 24 அல்லது 32 தறிகளைப் பார்க்கலாம் என்பது கணக்கு.

அக்கணக்கைப் பணியளவை நிபுணர்கள் மிக நுட்பமாகவே போட்டிருந்தனர். 224 தறிகள் கொண்ட கூடத்தில் ஒரு பணிமுறைக்கு 29 பேர். அவர்களிடையே பன்னிரண்டு வகை வேலைகள். நெசவாளர் எண்மர், பேட்டரி நிரப்புவோர் ஐவர், ஒவ்வொருவருக்கும் 40 அல்லது 50 தறிகள், ஒருசேரப் பல இழைகள் அறுந்தால் சரிசெய்வோர் மூவர், ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 75 தறிகள், புதுப்பாவினைத் தறியில் ஏற்றுவோர், துணி சுமப்போர், தறியைச் செப்பனிடும் ஜாபர்கள், அவர்தம் உதவியாளர்கள் ஆகியோர் வகைக்கு இருவர், ஒவ்வொருவருக்கும் 112 தறிகள். தார் சுமப்பவர், உணரிக் கருவியைப் பார்ப்பவர், எண்ணெயிடுபவர், கூட்டுபவர், காற்றின் ஈரப்பதத்தைச் சீர்செய்யும் கருவியைப் பேணுபவர் ஆகியோர் வகைக்கு ஒருவராகக் கூடம் முழுவதற்கும் பணிசெய்தனர்.

இவ்வெண்களை வரிசையாக வாசிக்கும்போது குறை ஏதும் புலப்படுவதில்லை. ஒரு நெசவாளரின் இடத்திலிருந்து பார்த்தால் நிலைமை வேறு. 24 தறிகளைப் பார்க்கும் ஒருவருக்கு, 40 தறிகளுக்குரிய பேட்டரி நிரப்புநரின் உழைப்பில் ஐந்தில் மூன்று பங்கும், அறுந்தவற்றைச் சரிசெய்பவரின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவும், ஜாபரின் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேலும், எண்ணெயிடுபவரின் உழைப்பில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கும் உரியன. முழுமையாக அவருக்கு உரியவர் எவருமில்லை. பேட்டரி நிரப்புநரின் 40 தறிகளோ ஒரு நெசவாளரின் எல்லையோடு முடிவதில்லை. இரண்டாமவரின் பகுதிக்குள் நுழைந்து பாதியில் நிற்கும். இரு தறிகள் ஒரே நேரத்தில் நின்றால், எந்தத் தறிக்கு முதலில் செல்வது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவ்விரு நெசவாளரிடமும் இல்லை. மேற்பார்வையாளர் வரவேண்டும்.

தறிகள் புதியவை, ஆட்கள் அனுபவமுடையோர், சுமை முறையாகக் கணக்கிடப்பட்டது. இருந்தும் உற்பத்தியின் அளவும் தரமும் எதிர்பார்த்த நிலையை எட்டவில்லை. அங்கு உடைந்திருந்தது வேலைகளுக்கு இடையிலான உறவு. பணியளவையின் அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி இல்லை.

நம் கைத்தறி வீடுகளை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். அங்கும் வேலைப்பகிர்வு உண்டு: தார் சுற்றுபவர் வேறு, பாவு ஓட்டுவோர் வேறு, நெய்பவர் வேறு. ஆயினும் அனைவர் உழைப்பும் ஒரே தறியின் ஒரே பாவினைச் சுற்றியே அமைகிறது. யாருக்காக யார் காத்திருக்க வேண்டும் என்பதில் ஐயம் எழுவதில்லை. கைத்தறிக் குடும்பத்தை இங்கு இலட்சியமாக்க வேண்டியதில்லை. அங்குப் பெண்கள், குழந்தைகளின் உழைப்புக்குக் கூலி கணக்கிடப்படுவதே இல்லை என்பதும் உண்மை.

1953ஆம் ஆண்டின் மாற்றம்

ரைஸ் முன்வைத்த யோசனை, தறிகளைத் தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு குழுவைப் பொறுப்பாக்குவது. 64 தறிகளுக்கு எழுவர். நெசவு, பாவேற்றம், பராமரிப்பு ஆகிய மூன்றும் குழுவுக்குள்ளேயே நிகழும். குழுவுக்குள் ஒரு தலைவர் இருப்பார். பன்னிரண்டு வகை வேலைப்பெயர்களுக்கு ஏற்ப இருந்த கூலிப்படிநிலைகள் குறைக்கப்பட்டன. ஒரு வேலையைச் செய்பவர் தேவைப்படும்போது மற்றொன்றையும் செய்யலாம் என்றாயிற்று.

யோசனை கூடத்துக்குச் சென்றவுடன் நிகழ்ந்தது நிர்வாகமும் ரைஸும் எதிர்பாராதது. தொழிலாளரும் மேற்பார்வையாளரும் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். நிர்வாகம் பட்டியல் தயாரிக்கும் முன்னரே, யார் யாரோடு சேர்வது எனத் தாமே பேசிக் குழுக்களை அமைத்துக்கொண்டனர். அடுத்தடுத்த நாள்களிலேயே சோதனை தொடங்கியது.

தொழிலாளர் ஏன் இவ்வளவு விரைந்து ஏற்றனர் என்பதற்கு ரைஸ் தரும் விளக்கம் உளவியல் சார்ந்தது: முழுமையானதொரு வேலையைச் செய்து முடிக்கும் நிறைவு, தம் வேலையைத் தாமே கட்டுப்படுத்தும் உரிமை, உடன் பணிபுரிவோரோடு நிறைவான உறவு. இவற்றை மறுக்கவேண்டியதில்லை. ஆயினும், பிறர் தவற்றுக்குத் தாம் பழியேற்கும் நிலையிலிருந்து விடுபடுவது மிக நேரடியான ஆதாயம் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். பழைய முறையில் துணி கெட்டால் நெசவாளர் கணக்கில் ஏறும். பாவினைச் சரியாக ஏற்றாதவர் வேறொருவராக இருப்பார்.

முதல் நாள்களில் எண்கள் ஒரே சீராக இல்லை. பின்னர் நிலைபெற்றபோது, சோதனைக்கு முன் ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்த தறித்திறன் 95 விழுக்காட்டை எட்டியது. பழுதுள்ள துணியின் பங்கு ஏறத்தாழ 32 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. தறித்திறன் என்பது, தறி இடையறாது ஓடியிருந்தால் விழுந்திருக்கக்கூடிய ஊடை இழைகளின் எண்ணிக்கையில் உண்மையில் விழுந்தவை எத்தனை விழுக்காடு என்பதாகும். பொதுவாக வேகம் கூடினால் தரம் குறையும். இங்கு இரண்டும் ஒருசேர மேம்பட்டமையே ஆய்வுலகின் கவனத்தை ஈர்த்தது. 1953இல் இது கட்டுரையாகவும் 1958இல் விரிந்த நூலாகவும் வெளிவந்தது. 1960களில் நார்வேயில் ஐனார் தோர்ஸ்ருத், ஃபிரெட் எமெரி ஆகியோர் நடத்திய தொழிற்சாலை மக்களாட்சிச் சோதனைகளும், 1974இல் தொடங்கிய ஸ்வீடனின் கல்மார் வோல்வோ கார் ஆலையும் இம்மரபின் வழிவந்தவை. நம் பாடநூல்கள் கல்மாரைக் கூறும்; ஜூபிலியைக் கூறுவது அரிது.

எண்கள் எதைக் காட்டுகின்றன

1969இல் எஸ்.கே. ராய் இச்சோதனையின் முறையியலை மறுபரிசீலனை செய்தார். அவர் எழுப்பிய ஐயம் எளியது; ஆனால் ஆழமானது. குழுமுறை புகுந்த அதே வேளையில் கூலியமைப்பும் மாறியது. அவ்வாறாயின் உயர்ந்த 15 விழுக்காட்டுப் புள்ளிகளுக்குக் குழு காரணமா, கூலி காரணமா? சோதனையின் அமைப்பில் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

இவ்வையம் நியாயமானதே. எனினும் அது சோதனையை முற்றிலும் வீழ்த்திவிடுகிறது எனக் கூறவும் இயலாது. கூலி உயர்வு ஒருவரை விரைந்து உழைக்கத் தூண்டலாம். அவர் தறிக்கு வரவேண்டிய ஜாபரை விரைந்து வரவழைக்க அதனால் இயலாது. பழுது குறைந்தமையை விளக்க, வேலைகளுக்கு இடையிலான காத்திருப்பு குறைந்தது என்னும் காரணமும் தேவைப்படுகிறது. கூலியும் குழுவும் பிரிக்கவியலாதவாறு பிணைந்திருந்தமையே அக்கூடத்தின் உண்மை நிலை. ஆய்வாளருக்கு அது இடையூறு. தொழிலாளருக்கோ அதுவே உடன்பாட்டின் உயிர்.

மற்றொரு செய்தியும் இவ்விடத்தில் கருதத்தக்கது. ரைஸின் அட்டவணையில் உள்ளவை வேலைப்பெயர்கள். அகமதாபாத் ஆலைகளில் வேலைப்பெயர் பெரும்பாலும் சமூகப் பெயராகவும் இருந்தது. நூற்புப் பிரிவில் தலித்துகள் மிகுந்திருந்தனர். நெசவுப் பிரிவிலிருந்து அவர்கள் விலக்கப்பட்டனர். ஊடை நூலை நாடாவின் துளைவழியே வாயால் உறிஞ்சி இழுக்கும் வழக்கமும், அதனால் ‘தீட்டு’ப் பரவும் என்னும் வாதமும் இவ்விலக்கலுக்குக் காரணமாகக் கூறப்பட்டன. தானியங்கித் தறியின் நாடாவில் நூல் தானே கோத்துக்கொள்ளும், வாய்வைக்கத் தேவையில்லை. கூறப்பட்ட காரணம் இயந்திரத்தால் அற்றுப்போயிற்று. வழக்கம் அவ்வாறு அறவில்லை என்பதை யான் பிரேமனின் அகமதாபாத் ஆய்வு விரிவாகக் காட்டுகிறது. தொழிலாளர் தாமே விரும்பிச் சேர்ந்த குழு என்னும் தொடரை இப்பின்னணியில் வாசித்தல் வேண்டும். யார் யாரைத் தேர்ந்தார் என்பதற்கு முன், யார் அக்கூடத்தின் வாயிலைத் தாண்டியிருந்தார் என்பது தீர்மானமாகியிருந்தது. குழுவின் உள்ளே நிலவிய இணக்கத்திற்கு இவ்விலக்கலும் ஒரு விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

அரசின் சொல்லாக உற்பத்தித்திறன்

ஜூபிலி ஆலையில் குழுக்கள் உருவான அதே காலத்தில், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உற்பத்தித்திறன் குழுவொன்றும் இந்தியாவில் பணியாற்றிக்கொண்டிருந்தது. 1952ஆம் ஆண்டின் இறுதியில் வந்த அக்குழு அகமதாபாத், பம்பாய் ஆகிய நகரங்களின் ஆலைகளிலும் பணியளவை முறைகளைச் செய்துகாட்டியது. 1956இல் விக்ரம் சாராபாய் தலைமையில் ஓர் இந்தியக் குழு ஜப்பான் சென்று அந்நாட்டு உற்பத்தித்திறன் இயக்கத்தைக் கண்டு வந்தது. 1958இல் தேசிய உற்பத்தித்திறன் மன்றம் நிறுவப்பட்டது.

தொழிலாளருக்கு இச்சொல் வேறொரு பெயரில் முன்னரே அறிமுகமாகியிருந்தது. ‘ரேஷனலைசேஷன்’ என்று ஆலை வாயில்களில் ஒலித்த அச்சொல்லை அவர்கள் ஆள்குறைப்பு என்றே பொருள்கொண்டனர். 1955இல் கான்பூர் நெசவாலைத் தொழிலாளர் அதனை எதிர்த்து 80 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வேளையில் நடுவணரசின் தொழிலாளர் அமைச்சர் காண்டுபாய் தேசாய், அகமதாபாத் மஜூர் மகாஜனிலிருந்து வந்தவர். அவருக்குப்பின் அப்பொறுப்பேற்ற குல்சாரிலால் நந்தாவும் அச்சங்கத்தின் செயலராக இருந்தவரே. 1957இல் புதுதில்லியில் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, பணியில் இருப்போரை நீக்கலாகாது, ஆதாயம் நியாயமாகப் பகிரப்படவேண்டும், வேலைச்சுமை முறையாக மதிப்பிடப்படவேண்டும் என்னும் நிபந்தனைகளோடு சீரமைப்பை ஏற்றது. ஒரு நகரத்தின் உடன்பாட்டு மரபு ஒரு நாட்டின் கொள்கையாக எழுதப்பட்ட தருணம் அது. எழுத்தில் இருந்தவற்றுள் ‘குழு’ இல்லை. வேலைச்சுமை தனியொருவரின் சுமையாகவே மதிப்பிடப்பட்டது.

தமிழகத்தில் 1956இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பெற்ற தென்னிந்திய நெசவுத்தொழில் ஆராய்ச்சிச் சங்கம், அதாவது சிட்ரா, இக்கொள்கையின் பயன்மிகு முகம். ஆலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் உற்பத்தித்திறன் கணக்கெடுப்புகளைச் சிட்ரா தொடர்ந்து நடத்தியது. கொங்குநாட்டு நூற்பாலைகளில் இன்றும் வழங்கும் ‘ஹெச்.ஓ.கே.’ என்னும் அளவை, 100 கிலோ நூலை உண்டாக்கத் தேவைப்படும் தொழிலாளர் மணிநேரத்தைக் குறிப்பது. வெவ்வேறு ஆலைகளை ஒப்பிட வசதியாக அது 40ஆம் எண் நூலின் அளவுக்கு மாற்றிக் கணக்கிடப்படும். ஆலை நிர்வாகங்களுக்கு இவ்வளவை செய்த நன்மை பெரிது: தம் ஆலை அண்டை ஆலையைவிட எத்தனை மணிநேரம் கூடுதலாகச் செலவிடுகிறது என்பதை முதன்முறையாக அவை எண்ணால் கண்டன. அம்மணிநேரங்கள் எவ்வாறு ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன என்பது மட்டும் அவ்வெண்ணுக்குள் அடங்காது. நூற்பில் இது பெருங்குறையன்று. ஒரு நூற்பிழைச் சட்டம் பக்கத்துச் சட்டத்தை நெசவுக்கூடத்தில் போல அவ்வளவு சார்ந்திருப்பதில்லை. அகமதாபாத்தின் பாடம் கோயம்புத்தூருக்கு ஏன் வந்துசேரவில்லை என்பதற்கு இத்தொழில்நுட்ப வேறுபாடும் ஒரு காரணமாகும்.

1970: மில்லரின் மறுவருகை

மேலாண்மைச் சோதனைகள் பெரும்பாலும் தொடக்க வெற்றியோடு நூலில் முடிந்துவிடும். அகமதாபாத் சோதனைக்கு வாய்த்த அரிய பேறு, அதனைப் பதினாறு, பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னர் ஒருவர் மீண்டும் சென்று பார்த்தது. எரிக் மில்லர் மானிடவியலாளர். மலபாரின் சாதியமைப்பையும் நிலப்பரப்பையும் பற்றி 1954இல் எழுதியவர். 1950களின் பிற்பகுதியில் கேலிகோ நிறுவனத்திலேயே ஆலோசகராகப் பணிபுரிந்து, பின் டாவிஸ்டாக் நிறுவனத்தில் சேர்ந்தவர். அவர் 1970இல் செய்த மறுஆய்வு 1975இல் வெளியாயிற்று.

அவர் நான்கு இடங்களைப் பார்த்தார். அவற்றுள் ஒன்றில், தானியங்காச் சாதாரணத் தறிகள் கொண்ட சோதனைக்கூடத்தில், குழுமுறையும் உற்பத்தி நிலையும் ஏறத்தாழ மாறாமல் இருந்தன. மற்ற மூன்றில் குழுமுறை வெவ்வேறு அளவில் தளர்ந்தோ மறைந்தோ போயிருந்தது. தானியங்கித் தறிகளின் கூடத்தில் மீண்டும் ஒவ்வொருவரும் தத்தம் வேலை, தத்தம் தறி என்னும் நிலைக்குத் திரும்பியிருந்தனர்.

எந்தக் கூடம் தாக்குப்பிடித்தது என்பதில் ஒரு முரண் உள்ளது. சோதனை பிறந்ததும் புகழ்பெற்றதும் புதிய இயந்திரங்களின் கூடத்தில். நிலைத்ததோ பழைய தறிகளின் கூடத்தில். மில்லர் இதற்குத் தொழிலாளரின் ஆர்வம் குன்றியது என விடைகூறவில்லை. குழுவைச் சூழ்ந்திருந்த நிலைமைகளை அவர் பார்த்தார். சந்தையின் தேவை மாறி, ஒரே கூடத்தில் பலவகைத் துணிகளை நெய்யவேண்டிய கட்டாயம் ஏற்பட்ட இடங்களில் பாவேற்றமும் பழுதும் மிகுந்தன. மிகுந்த வேலைக்கு ஏற்ற ஆளும் பொருளும் குழுவுக்குத் தரப்படவில்லை. நெருக்கடியில் மேற்பார்வையாளர் குழுவுக்குள் நுழைந்து ஆட்களை இங்குமங்கும் மாற்றினர். ஒருமுறை மாற்றப்பட்டவர் திரும்பிவரும்போது அவருடைய குழு அங்கிருப்பதில்லை.

குழுவின் எல்லையைக் காப்பது குழுவுக்கு வெளியே இருப்பவரின் வேலை என்பதை ரைஸும் அறிந்தே இருந்தார். மேற்பார்வையாளரின் பணி குழுவுக்குள் ஆணையிடுவதன்று. குழுவுக்கு நூல் தடையின்றி வந்துசேரவும், வராதவருக்கு மாற்றாள் கிடைக்கவும், வெளி அழுத்தங்கள் உள்ளே பாயாமலும் பார்த்துக்கொள்வதே என அவர் வகுத்தார். 1953இல் இக்காவலைச் செய்தவர்கள் ஆலையின் உயர்நிலை நிர்வாகத்தினர். சோதனை அவர்களுடையது என்பதால் அவர்தம் கண் அதன்மேல் இருந்தது. ஆண்டுகள் செல்லச்செல்ல அக்கண் வேறு பக்கம் திரும்பியது. உபரி ஆட்களைக் குறைத்துக் கணக்கில் சிக்கனம் காட்டிய ஒவ்வொரு முறையும் குழுவின் தாங்குதிறன் ஒருபடி இறங்கியது. கணக்குப் புத்தகத்தில் அது உற்பத்தித்திறன் உயர்வாகவே பதிவாகியிருக்கும்: அதே துணி, குறைந்த ஆட்கள்.

1980களில் அகமதாபாத்தின் பெரும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நெசவு, சிறு விசைத்தறிக் கூடங்களுக்கு இடம்பெயர்ந்தது. அங்கு மஜூர் மகாஜனும் நடுவர் தீர்ப்பும் இல்லை. கூலி, நெய்த மீட்டருக்கு. ஒரு தறியாளர் எத்தனை தறிகளைப் பார்ப்பது என்பதைக் கூட உரிமையாளர் தீர்மானித்தார்.